காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் கம்பம் பள்ளத்தாக்கு: முல்லையாற்றை ஒட்டிப் போய் வருவது எப்படி?

கோட்டையூர்வாசி

வணக்கம். ஆடி முதல் வாரத்தில் ஒரு நாள் பயணம் போகிறோம். மலை, ஆறு, பச்சை வயல் மூன்றும் கண்ணில் பட வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். மொத்தம் பதினொரு பேர். ஐயாவும் அப்பத்தாவும் எழுபதைத் தாண்டியவர்கள், இருவருக்கும் முழங்கால் வலி. பிள்ளைகள் மூன்று. 12 பேர் உட்காரும் வேன் பேசியிருக்கிறது. விடியுமுன் கிளம்பி இரவு பத்து மணிக்குள் வீடு வந்து சேர வேண்டும். மேகமலை, சுருளி அருவி, தேக்கடி மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வேன் பேசிவிட்டவர் சொல்கிறார். நடக்கிற காரியமா?

முல்லையாற்றங்கரை

நடக்காது அண்ணே. சுருளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தை ஆற்றுக்குக் கொடுங்கள்.

முதலில் தூரக் கணக்கு. காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். மதுரையிலிருந்து தேனி 77. தேனியிலிருந்து கம்பம் 40. கம்பம் போய்ச் சேரவே 205 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். அங்கிருந்து சுருளி ஒரு பக்கம், குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் இன்னொரு பக்கம். எல்லாம் சுற்றி வீடு திரும்பினால் 470 கிலோமீட்டர் பக்கம் வரும். இதற்கு மேல் ஒரு மலை ஏறுவதற்கு அந்த நாளில் இடமே இல்லை.

இடத்தின் அமைப்பு தெரிந்தால் எங்கே நிற்பது, எதை விடுவது என்பது தானாகப் புரியும். கம்பம் பள்ளத்தாக்கு தேனிப் பக்கம் அகலமாகத் திறந்து, தென்மேற்கே போகப் போகக் குறுகி, குமுளி அடிவாரத்தில் முடிகிறது. கிழக்கே மேகமலைத் தொடர், மேற்கே கேரள எல்லை மலை, நடுவில் முல்லையாறு. இந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி பெரியாற்றுத் தண்ணீர். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையில் தேங்கும் தண்ணீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, லோயர் கேம்பில் மின்சாரம் தயாரித்துக் கொடுத்துவிட்டு ஆற்றில் விழுகிறது. பிறகு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வந்து, தேனிக்கு அப்பால் வைகையில் கலந்து வைகை அணைக்குப் போகிறது. அணையிலிருந்து வைகையிலேயே கீழே உள்ள பேரணை என்கிற தடுப்பணை, அங்கிருந்து பெரியாற்றுக் கால்வாய், அதன் வழியே மேலூர், நம் சிவகங்கைச் சீமையில் ஒரு பகுதி.

அதாவது நீங்கள் திருப்பத்தூர் தாண்டி மேலூரில் நுழையும்போதே அந்தத் தண்ணீரின் கடைக்கோடியில் நிற்கிறீர்கள். அங்கிருந்து தண்ணீர் வந்த வழியை எதிர்த்துப் போய், அது மலையிலிருந்து விழும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதுவே முழுப் பயணம். ஒரே நாளில் அடங்கும். பெரியவர்களுக்கு மலை வளைவும் இல்லை, மூச்சு வாங்கும் ஏற்றமும் இல்லை.

மேகமலைப்பித்து

இவ்வளவு தூரம் போய் மேலே ஏறாமல் திரும்புவதா? சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். மேலே தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே அணைக்கட்டு, மணலாறு, இரவங்கலாறு. பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமென்றால் அந்த வளைவுகளில்தான் நிற்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால் முடியும்.

வண்டிச்சாவி

தம்பி சொல்கிற அழகு உண்மை. ஆனால் கடிகாரம் ஒத்துக்கொள்ளாது. சின்னமனூரிலிருந்து மேலே போக இரண்டு மணி நேரம், இறங்க அதே அளவு. வேன் என்றால் ஒவ்வொரு வளைவிலும் வேகம் நடைவேகமாகிவிடும். அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது, இருட்டில் விடமாட்டார்கள். 2021-லிருந்து அது புலிகள் காப்பகம். ஆகவே இரண்டு மணிக்குக் கிளம்பி விடியுமுன் அடிவாரம் சேர்ந்தாலும் அங்கே காத்துக்கிடக்கத்தான் வேண்டும். மேகமலைக்கு இரண்டு நாள் ஒதுக்கி, சின்னமனூரிலோ மேலேயோ தங்குகிற மாதிரி தனியாகப் போங்கள். அதுதான் அந்த மலைக்கு மரியாதை.

தேக்கடியை விடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வாடகை வேன் மஞ்சள் பலகை. எல்லை தாண்ட வேண்டுமானால் கேரளத்துக்குத் தனியாக வரி கட்டி அனுமதி எடுக்க வேண்டும். படகுக்குச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஏறி இறங்கினால் அரை நாள் போய்விடும். பெரியாறு அணையைப் பார்த்துவிடலாம் என்று நினைத்துத் தேக்கடி போகிறவர்கள் நிறைய. அணைக்குச் சுற்றுலாப் பயணிகளை விடுவதே இல்லை, படகு ஏரியில் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும்.

இன்னொன்று, வேன் ஓட்டுநரின் தூக்கம். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்புவது 18 மணி நேரம். முந்தைய நாள் இரவுச் சவாரி போய்வந்த ஓட்டுநரை ஏற்றாதீர்கள். வண்டி பேசும்போதே இதைக் கேளுங்கள். பகலில் நீங்கள் சுருளியில் இருக்கும் இரண்டு மணி நேரம் அவருக்குச் சாப்பாடும் தூக்கமும். அந்த நேரத்தில் "கொஞ்சம் கடைக்குப் போய்வா" என்று வேலை ஏவக் கூடாது. வாடகையில் நாள் வாடகைக்கு எத்தனை கிலோமீட்டர் அடக்கம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, பேட்டா எவ்வளவு, சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு என்று நான்கையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வருவது எப்போதும் இரண்டாவதில்தான்.

கோட்டையூர்வாசி

புரிந்தது. மேகமலை, தேக்கடி இரண்டும் இல்லை. அப்படியானால் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும்?

முல்லையாற்றங்கரை

சரியாக நான்கு மணிக்குச் சக்கரம் உருள வேண்டும். "நான்கு மணிக்குக் கிளம்பலாம்" என்றால் நம் வீடுகளில் ஐந்து மணி, அதனால் முதல் நாளே பைகளை வேனில் ஏற்றிவிடுங்கள். குன்றக்குடி, திருப்பத்தூர், கீழவளவு வழியாக மேலூர் வரை நான்கு வழிச்சாலை, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி, காளவாசல். மதுரையை ஆறு மணிக்குள் கடந்துவிட வேண்டும். பயணத்தின் மொத்த வெற்றியும் இதில்தான் இருக்கிறது. ஏழரைக்கு மேல் காளவாசலில் மாட்டினால் அரை மணி நேரம் போகும். அந்த அரை மணி நேரம் கடைசியில் லோயர் கேம்பில் குறையும்.

நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி. உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாய் வரும். அங்கே ஏழு மணி வாக்கில் இருந்தால் நல்லது. வெயில் முதுகுப் பக்கமிருந்து விழும், எதிரே மேற்கு மலைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். வண்டியை வளைவில் நிறுத்தாதீர்கள், லாரி வருகிற பாதை. கணவாய் இறங்கி ஆண்டிபட்டி போன பிறகு நிறுத்திப் பாருங்கள்.

தேனி ஏழே முக்கால். காலைச் சாப்பாட்டை அங்கே முடித்துவிட்டால் வீரபாண்டி எட்டேகால், எட்டரை. கௌமாரியம்மன் கோயிலை ஒட்டியே ஆறு. பெரியவர்கள் கால் நனைக்க இதுதான் சரியான இடம், இறங்கும் தூரம் குறைவு. சித்திரைக் கடைசியில் எட்டு நாள் திருவிழா நடக்கும், அப்போது மட்டும் இந்தச் சாலையையே தவிர்க்க வேண்டும். ஆடியில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ஒரு முக்கியமான சங்கதி. தேனியிலிருந்து குமுளி போகிற சாலையில் ஊர்களுக்கு வெளியே புறவழிச்சாலை போட்டிருக்கிறார்கள். வரைபடச் செயலி உங்களைப் புறவழியிலேயே கொண்டுபோகும். நேரம் மிச்சம், ஆனால் ஆறும் வயலும் தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைந்துவிடும். போகும்போது உத்தமபாளையம், கம்பம் இரண்டு ஊருக்குள்ளும் பழைய சாலையிலேயே போங்கள். திரும்பும்போது புறவழியைப் பிடியுங்கள்.

நாற்று நட்ட வயலைப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் மாதம் சரியான மாதம். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். அணையில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 1-ஆம் தேதியே முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். ஆடியில் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கும், சில வயலில் அப்போதுதான் நட்டுக்கொண்டிருப்பார்கள். திறப்பு தள்ளிப்போன ஆண்டில் வெறும் உழவுச் சேறுதான் தெரியும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீர் திறந்த செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

பதினொரு பேருக்கு மதியச் சாப்பாட்டைக் கடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சுருளிக்குப் பக்கத்தில் கூட்ட நாளில் பசியோடு நிற்க வேண்டிவரும். கட்டுச்சோறுதான் சரி.

புளியோதரைக்கு அரிசி ஒன்றரைக் கிலோ. முதல் நாள் இரவே நல்லெண்ணெயில் புளிக்காய்ச்சலைச் சுண்ட வைத்து, எண்ணெய் மேலே மிதக்கிற பக்குவத்தில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சோற்றை இரண்டு மணிக்கு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு நன்றாக ஆறவிட்டு அதன் பிறகு கிளறுங்கள். சூட்டோடு சம்படத்தில் அடைத்தால் மூடியில் வேர்த்து, அந்த நீர் சோற்றில் சொட்டி, பதினோரு மணிக்கெல்லாம் நூல் விடும். பெரும்பாலும் கெட்டுப்போவது இதனால்தான், புளி குறைந்ததனால் இல்லை.

தயிர்ச்சோற்றுக்கு ஒரு கிலோ அரிசி, குழைய வடித்தது. தயிர் ஊற்றிப் பிசையக் கூடாது. காய்ச்சி ஆறிய பால் இரண்டு லிட்டர் விட்டுப் பிசைந்து, இரண்டு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் மதியம் பன்னிரண்டரைக்குச் சரியாக உறைந்திருக்கும், புளிக்காது. உப்பைச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள மாவடுவும் வற்றலும். தேங்காய் சேர்த்த எதையும் எடுக்காதீர்கள். இடையில் கொறிக்க மணகோலமும் சீப்புச்சீடையும் போதும். பிள்ளைகளுக்கு வெள்ளைப் பணியாரம் கேட்பார்கள், அது காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிட வேண்டிய பலகாரம்.

எவர்சில்வர் தூக்கு, வாழை இலை, பித்தளையோ எவர்சில்வரோ தண்ணீர்க்குடம். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டை அருவிக்குக் கொண்டுபோகாதீர்கள். குரங்கு தூக்கோடு இழுக்கும், பிள்ளைகளைப் பிறாண்டும். வேனிலேயே வைத்துவிட்டு, குளித்து வந்தபின் சுருளிப்பட்டிக்கு வெளியே ஒரு மரத்தடியில் இலை போடுங்கள். இலையையும் மிச்சச் சோற்றையும் அங்கேயே வீசிவிட்டு வராமல் ஒரு கோணிப்பையில் கட்டிக் கொண்டுவாருங்கள்.

கோட்டையூர்வாசி

ரொம்ப நன்றி ஆச்சி. பாலில் பிசைகிற விஷயம் வீட்டில் சொல்லிவிட்டேன். சுருளிக்கு வழி காட்டச் சொல்லி செயலியில் போட்டால் கடமலைக்குண்டு வழியாகக் காட்டுகிறதே, அது குறுக்கு வழியா?

முல்லையாற்றங்கரை

அது வேறு அருவி அண்ணே! நல்லவேளை கேட்டீர்கள். அது கோம்பைத்தொழுவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னச்சுருளி. மேகமலை அருவி என்றும் சொல்வார்கள். அது மேகமலைத் தொடருக்கு மறுபக்கம், வருசநாட்டுப் பள்ளத்தாக்கில், மூல வைகைப் பக்கம். ஆண்டிபட்டியிலிருந்தே பாதை பிரிந்துவிடும். அங்கே போய்விட்டால் கம்பத்துக்குக் குறுக்கே வர வழி கிடையாது, தேனிக்குத் திரும்பி வந்துதான் போக வேண்டும், அதோடு நாள் முடிந்தது. செயலியில் "சுருளிப்பட்டி" என்று ஊர்ப் பெயரைப் போடுங்கள். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வழியாக அருவி பத்து கிலோமீட்டர் வாக்கில் வரும். கம்பத்தை விட்டதும் முல்லையாற்றுப் பாலம், அதைத் தாண்டினால் இருபுறமும் திராட்சைப் பந்தல். இந்த அடையாளம் இல்லையென்றால் வழி தப்பிவிட்டது என்று அர்த்தம்.

சுருளியில் வண்டியைச் சோதனைச்சாவடியிலேயே விட வேண்டும். நுழைவுக் கட்டணம் உண்டு. அங்கிருந்து அருவி வரை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடை, கடைசியில் படிகள். ஐயாவும் அப்பத்தாவும் நடக்கலாமா என்பதை இந்தத் தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். போக வர இரண்டரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெறுங்காலில் ஈரப் பாறையும் உண்டு. முடியாது என்றால் கூட ஒருவரை வைத்து நுழைவாயில் பக்கத்து மரநிழலில் இருக்கச் சொல்லலாம், இதமான இடம்தான்.

அருவியில் எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதற்கும் அனுமதியில்லை. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை, யானை நடமாட்டம் தெரிந்தாலும் தடை. கிளம்புகிற அன்று காலை தேனியில் சாப்பிடும்போது அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள், ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆடி அமாவாசை அன்று போகவே வேண்டாம், தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் சுருளிப்பட்டிச் சாலையே அடைத்துக்கொள்ளும். ஆடிச் சனிக்கிழமையும் வேண்டாம், குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற வண்டிகளால் சின்னமனூர்ப் பக்கம் நெரியும். ஞாயிற்றுக்கிழமை அருவியில் கூட்டம். செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றை எடுங்கள்.

ஆற்றுமணல்

இதையும் சேர்த்துப் படியுங்கள், பிள்ளைகள் இருப்பதால் சொல்கிறேன். முல்லையாற்றில் தண்ணீர் கூடுவதற்கு மழை பெய்ய வேண்டியதில்லை. மின்நிலையத்தில் எத்தனை எந்திரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஆற்றின் அளவு மாறும். வெயில் அடிக்கும், வானத்தில் மேகமே இருக்காது, முழங்கால் அளவு ஓடிய தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும். வாய்க்காலில் குளித்துப் பழகியவர்கள் தண்ணீர் கலங்கினால்தான் வெள்ளம் என்று நினைப்பார்கள். இங்கே அணைத் தண்ணீர், தெளிவாகவே உயரும். ஆகவே தெளிவை நம்ப முடியாது.

என்ன செய்யலாம்? இறங்கியதும் நீரின் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் கரையில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், கைபேசியைப் பார்த்துக்கொண்டு அல்ல. கல் நனைந்தால் எல்லாரும் மேலே. தடுப்பணைக்கு மேல்பக்கம் நீர் அசையாமல் நிற்பது போல இருக்கும், ஆழம் தெரியாது. கீழ்பக்கம் நீர் விழுகிற இடத்தில் சுழலும், அது உள்ளே இழுக்கும். இரண்டு இடமும் பிள்ளைகளுக்கு ஆகாது. படித்துறை உள்ள இடத்தில், படியில் உட்கார்ந்து குளிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லோயர் கேம்பிலிருந்து கூடலூர் வரை ஆற்றில் இறங்கவே வேண்டாம், மின்நிலையத்துக்கு மிக அருகில் என்பதால் ஏற்ற இறக்கம் அங்கேதான் சட்டென்று தெரியும்.

கோட்டையூர்வாசி

கல் வைக்கிற யோசனையை மூத்த பையனிடம் ஒப்படைத்துவிடுகிறேன். லோயர் கேம்பில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது?

முல்லையாற்றங்கரை

எல்லாத் தண்ணீரும் வந்து விழுகிற இடம் அண்ணே. அதற்காகத்தான் போகிறோம்.

கூடலூர் தாண்டியதும் இரண்டு மலையும் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். எதிரே மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும். சுரங்கம் தாண்டிய தண்ணீர் முதலில் மேலே முன்னணை என்று சொல்கிற சிறிய தேக்கத்தில் நின்று, அங்கிருந்து இந்தக் குழாய்களில் இறங்கி எந்திரங்களைச் சுற்றுகிறது. குழாயில் போகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. மின்நிலையம் எடுக்காமல் விடுகிற தண்ணீர் மட்டும் இரைச்சல் பாலம் வழியாகத் திறந்தவெளியில் விழும். பெயரே சத்தத்தினால் வந்தது. அங்கே தண்ணீர் விடுகிற நாளில் பேசுவது காதில் விழாது. ஆனால் அது எல்லா நாளும் ஓடாது. மின் உற்பத்தி முழு அளவில் நடக்கும்போது பாலம் வறண்டு இருக்கும், அதற்காக ஏமாற்றம் அடைய வேண்டாம். தண்ணீர் குழாய் வழியாக ஆற்றுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

மின்நிலைய வளாகத்துக்குள் விடமாட்டார்கள், கேட்டுப் பார்க்கவும் வேண்டாம். சாலையோரத்தில், பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இருக்கிறது, 2013-இல் திறந்தது. சமதளம், பெரியவர்கள் சிரமமில்லாமல் இறங்கிப் பார்க்கலாம். பள்ளத்தாக்கில் பொங்கலன்று பானை வைத்து அவர் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் நின்று, மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் கிழக்கே திரும்பிய கதையைச் சொல்லுங்கள். கீழே பார்த்த வயலும் திராட்சையும் மேலூர்க் கண்மாயும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேரும்.

வண்டிச்சாவி

லோயர் கேம்பிலிருந்து குமுளி மலைச்சாலை ஆறேழு கிலோமீட்டர்தான். ஏறித்தான் ஆக வேண்டும் என்று யாராவது கேட்டால், எல்லைச் சோதனைச்சாவடிக்கு முன்னால் திரும்பிவிடலாம். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறி, கருகிய வாடை வரும், அதற்கடுத்த வளைவில் மிதி கீழே போகும், வண்டி நிற்காது. வாடை வந்தால் உடனே ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் டிரம் விரிசல் விடும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை முறை.

கார்த்திகை, மார்கழி, தை முதல் வாரம் வரை இந்தச் சாலைப் பக்கமே குடும்பத்தோடு போக வேண்டாம். சபரிமலைக் கூட்டத்துக்காகப் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு ஒருவழிப் பாதை ஆக்குவார்கள்.

பந்தல்தோட்டம்

சுருளிப்பட்டியில் திராட்சை வாங்காமல் யாரும் வரமாட்டார்கள், ஆனால் பாதிப்பேர் காரைக்குடிக்குச் சாறாகத்தான் கொண்டுவருகிறார்கள். எப்படி வாங்குவது என்று சொல்கிறேன்.

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் மெல்லியது, பழம் காம்பிலிருந்து எளிதில் உதிரும், அதுதான் அதன் சுபாவம். கொத்தைக் கையில் எடுத்துக் காம்பைப் பாருங்கள். காம்பு பச்சையாக, நகத்தால் கீறினால் ஈரமாக இருந்தால் அன்று அறுத்தது. பழுப்பேறிச் சுள்ளி மாதிரி இருந்தால் பழையது. பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போல வெண்மை படர்ந்திருக்கும். அது பழமே போர்த்திக்கொள்கிற மெழுகு, விரலால் தேய்த்தால் போய்விடும். கை படாத பழத்துக்கு அது அடையாளம். திட்டுத் திட்டாக, காய்ந்த சொட்டு வடிவத்தில் தெரிகிற வெள்ளை வேறு, அது மருந்து. கடையில் கொத்தை லேசாக உதறிப் பாருங்கள், நாலைந்து பழம் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் பையில் வாங்கவே வாங்காதீர்கள். அட்டைப்பெட்டி கேளுங்கள். அடியில் செய்தித்தாள், ஒரே அடுக்குதான், காம்பு மேலே வருகிற மாதிரி. மூன்று கிலோவுக்கு மேல் ஒரு பெட்டியில் வைத்தால் அடிக்கொத்து நசுங்கும். வேனில் என்ஜின் சூடு ஏறுகிற இடத்திலும் பின்சக்கரத்துக்கு மேலேயும் வைக்காதீர்கள். வழியில் கழுவக் கூடாது. ஈரம் பட்ட பழம் இரவுக்குள் வெடிக்கும். வீட்டுக்கு வந்தபின் உண்ண வேண்டிய அளவை மட்டும் உப்பு நீரில் பத்து நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் இருமுறை அலசிச் சாப்பிடுங்கள். விதையில்லாத் திராட்சை வேண்டுமென்றால் அது ஓடைப்பட்டிப் பக்கம், உங்கள் வழியில் இல்லை.

பந்தலுக்குள் நுழைந்து படம் எடுக்க ஆசைப்படுவார்கள். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அன்று மருந்து அடித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பிள்ளைகள் கைக்கெட்டுகிற உயரத்தில் தொங்கும், பறித்து அப்படியே வாயில் போட்டுவிடுவார்கள்.

புதுவயல் தம்பி

வேன் இல்லாமல் பேருந்தில் போக முடியுமா அண்ணே? நாங்கள் நான்கு பேர்.

முல்லையாற்றங்கரை

முடியும் தம்பி, ஆனால் இடத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைப் பேருந்து மாட்டுத்தாவணிக்குப் போகும். தேனி, கம்பம், குமுளிப் பேருந்து கிளம்புவது ஆரப்பாளையத்தில். இடையில் நகரப் பேருந்து, அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பேருந்தைப் பிடித்தாலும் கம்பம் சேரப் பத்து, பத்தரை ஆகிவிடும். வீரபாண்டியோ சுருளியோ ஒன்றுதான். சுருளி என்றால் கம்பத்திலிருந்து நகரப் பேருந்தோ ஆட்டோவோ. மூன்று மணிக்குக் கம்பத்தை விட்டுவிட வேண்டும். மதுரையிலிருந்து போடிக்கு அகலப்பாதையில் ரயில் 2023 முதல் ஓடுகிறது. தேனி வரை அதில் போனால் கணவாய்ப் பகுதி அழகாக இருக்கும், ஆனால் காரைக்குடியிலிருந்து வருகிறவர்களுக்கு நேரம் ஒத்துவருகிறதா என்று அட்டவணை பார்த்து முடிவு செய்யுங்கள்.

கோட்டையூர்வாசி

திரும்பும் வழி? மாலையில் மறுபடி மதுரைக்குள் நுழைய வேண்டுமே.

வண்டிச்சாவி

இரண்டு வழி இருக்கிறது. லோயர் கேம்பை மூன்று மணிக்கு விட்டால் நாலேமுக்காலுக்கு வைகை அணை. அங்கே முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக வந்தால் மதுரைக்குள் ஏழரை மணி நெரிசலில் நுழைவீர்கள். காளவாசலிலிருந்து ஒத்தக்கடை தாண்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். இன்னொன்று பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கூடுதல், ஆனால் நகர நெரிசலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. நத்தம் பக்கம் இருட்டியபின் குறுக்கே மாடு வரும், வேகம் அறுபதுக்கு மேல் வேண்டாம். ஓட்டுநர் சோர்ந்திருந்தால் இந்த வழிதான் நல்லது.

சுருளியில் அன்று குளிக்கத் தடை என்றாலும் இந்த வழி கைகொடுக்கும். பெரியகுளத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் கும்பக்கரை அருவி. கொடைக்கானல் மலையிலிருந்து வருகிற தண்ணீர், ஆகவே மேகமலையில் வெள்ளம் என்றால் அங்கேயும் வெள்ளம் என்று கட்டாயம் இல்லை. கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆற்றுமணல்

வைகை அணையைப் பற்றி ஒரு வரி. 1959-இல் திறந்தது, தேக்கும் உயரம் 71 அடி. பூங்கா இரண்டு கரையிலும் இருக்கிறது, நடுவில் ஆற்றைக் கடக்க ஒரு தரைப்பாலம். அணையில் உபரி நீர் திறந்தால் அந்தப் பாலம் முங்கிவிடும், மறுகரைக்குப் போக முடியாது. நீர்மட்டம் 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. செய்தியில் 69 என்று படித்தால் பூங்காவுக்கு இறங்காமல் மேலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

பெண்களும் பெரியவர்களும் போகிற பயணத்தில் கழிப்பறை எங்கே என்பதை ஆண்கள் யாரும் எழுதவில்லை. உசிலம்பட்டிக்கு முன்னால் பெரிய பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்துங்கள், டீசல் போடுகிற சாக்கில். அடுத்து தேனியில் சாப்பிடும் கடையில். கம்பத்தில் ஒருமுறை, வைகை அணைப் பூங்காவில் ஒருமுறை. அப்பத்தா அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், அதில்தான் மயக்கம் வரும். முன்கூட்டியே "இத்தனை மணிக்கு நிறுத்துவோம்" என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகக் குடிப்பார்கள். மாற்றுச் சேலையும் துண்டும் கையெட்டும் பையில் இருக்கட்டும், வேனின் பின்பக்கம் அடுக்கிவிடாதீர்கள். ஆடிக் காற்று குமுளிப் பக்கமிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கி வீசும், ஈரத்துணியோடு நின்றால் பெரியவர்களுக்கு உடனே மூச்சு இளைக்கும்.

கோட்டையூர்வாசி

எல்லாருக்கும் நன்றி. புதன்கிழமை என்று முடிவு செய்துவிட்டோம். நான்கு மணி காரைக்குடி, எட்டேகால் வீரபாண்டி, பத்தரை சுருளி, பன்னிரண்டரை சாப்பாடு, ஒன்றரை லோயர் கேம்ப், மூன்று மணிக்குத் திரும்புதல், வைகை அணை, திண்டுக்கல் நத்தம் வழி. ஐயாவும் அப்பத்தாவும் அருவிக்கு நடக்கவில்லை, வீரபாண்டியில் கால் நனைத்துக்கொள்கிறார்கள். திராட்சைக்கு இங்கிருந்தே நான்கு அட்டைப்பெட்டி எடுத்துக்கொள்கிறோம். ஏதாவது விட்டுப்போனதா?

முல்லையாற்றங்கரை

உட்காரும் இடம் ஒன்றுதான் அண்ணே. காலையில் போகும்போது வெயில் மேகமலைக்குப் பின்னாலிருந்து வரும், கிழக்கு மலை வெறும் கறுப்பாகத்தான் தெரியும், மேற்கு மலைதான் துலங்கும். அதனால் பெரியவர்களை வலப்பக்கச் சன்னலில் உட்கார வையுங்கள். மாலையில் லோயர் கேம்பிலிருந்து திரும்பும்போது மேற்கு வெயில் முழுவதும் மேகமலை மேல் விழும், பாறை மடிப்பும் அருவிக் கோடும் தெரியும். அதுவும் அப்போது வலப்பக்கம்தான் வரும். நாள் முழுக்க அவர்களை இடம் மாற்ற வேண்டாம்.